வாடவிட்டுக் கற்பிக்கலாமா?

செடிகள் உயிர் வாழ எவை தேவை? விலங்குகள் உயிர் வாழ எவை தேவை? தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் தவறாமல் இடம்பெறும் வினாக்கள் இவை. நீர், காற்று, ஒளி, உணவு, உறைவிடம் என்று குழந்தைகள் ஒரே குரலில் ஒப்பிப்பதைப் பள்ளித் தாழ்வாரத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம் நாம் கேட்டிருக்கிறோம். ஐந்து மதிப்பெண்ணுக்குரிய எளிய விடை என்றே பல்லாண்டுகள் எண்ணியும் இருந்தோம். அந்த விடைக்குள் ஓர் அறவினா இருக்கிறது என்பதை நமக்கு உணர்த்தியவன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

நாம் பங்குப் பணியாற்றிய தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்தது இது. அவ்வூர்த் தொடக்கப்பள்ளியின் தாளாளர் பொறுப்பும் நம்மிடமே இருந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை பாடத்தை ஏட்டளவில் நிறுத்திவிடாமல் செய்து காட்ட விரும்பினார். மூன்று சிரட்டைகளில் செம்மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மொச்சை விதையை ஊன்றினார். மூன்றும் முளைத்து இலை விட்டதும் எண் எழுதி ஒட்டினார். முதற் சிரட்டைக்கு வெயிலும் உண்டு, நீரும் உண்டு. இரண்டாவதற்கு வெயில் உண்டு, நீர் இல்லை. மூன்றாவதற்கு நீர் உண்டு, ஒளி இல்லை. அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நாள்தோறும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுமாறு பிள்ளைகளைப் பணித்தார்.

எட்டு நாள் கடந்தும் இரண்டாம் சிரட்டைச் செடி வாடவில்லை. ஆசிரியைக்கு வியப்பு. ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில் உண்மை வெளிப்பட்டது. வகுப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தான் குடிக்கக் கொண்டுவந்த நீரில் ஒரு பங்கை நாள்தோறும் அச்செடிக்கு ஊற்றி வந்திருக்கிறான் ஒரு சிறுவன். "சோதனையையே கெடுத்துவிட்டான்" என்ற புகாருடன் அவன் நம்முன் நிறுத்தப்பட்டான்.

நாம் கண்டித்தோம். "அது வெறும் செடிதானே? ஒரு செடி வாடினால் முப்பது பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். நீ திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றினால் யார் எதைக் கற்றுக்கொள்வது?" என்று கேட்டோம். அவன் நெடுநேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, "தரையில நின்னா அதுவே வேர விட்டுத் தேடிக்கிடும் சாமி. நாமதான அத செரட்டையில வச்சோம்?" என்றான்.

நம்மிடம் மறுமொழி இல்லை. மறுமொழி இல்லாத பெரியவர்கள் செய்வதையே நாமும் செய்தோம். மறுநாள் தாயை அழைத்து வரச் சொல்லி அனுப்பினோம். அந்தத் தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, மகன் செய்தது இன்னதென்று முழுதும் விளங்காமலே நம்மிடம் மன்னிப்புக் கேட்டுச் சென்றார். அந்தக் காட்சி இன்றுவரை நம் மனத்தை விட்டு அகலவில்லை.

அறிவற்ற இரக்கம்

ஆசிரியை மீது குறை காண்பது நம் நோக்கமன்று. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதே வகுப்பில் முதற் சிரட்டைக்கு நேர்ந்ததைக் கூறினால் அது விளங்கும். வெயிலும் நீரும் பெற்ற அந்தச் செடி பிள்ளைகள் அனைவருக்கும் செல்லப்பிள்ளை. காலையில் ஒருத்தி, இடைவேளையில் ஒருவன், மாலையில் இருவர் என ஆளுக்குக் கொஞ்சம் நீர் வார்த்தார்கள். அந்தச் சிரட்டையின் கண் திறக்கப்படவில்லை. நீர் வடிய வழியில்லை. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்தே அது உயிர்வளியைப் பெறுகிறது. அந்த இடுக்குகளையெல்லாம் நீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மூன்றினுள் முதலில் மடிந்தது எல்லாராலும் நேசிக்கப்பட்ட செடியே.

மூன்றாம் சிரட்டை வேறொரு பாடம் புகட்டியது. அலமாரியைத் திறந்தபோது அதிலிருந்த செடிதான் மற்ற இரண்டையும்விட உயரமாக இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்; இருட்டில்தான் செடி நன்றாக வளர்கிறது என்று ஒருவன் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டான். ஆசிரியை பொறுமையாக விளக்கினார். வெளிறிய மஞ்சள் நிறத்தைக் காட்டினார்; நூல்போல் மெலிந்த தண்டைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். ஒளியைத் தேடி அது தன்னை நீட்டிக்கொண்டிருக்கிறது. விதையில் தாய்ச்செடி சேமித்து வைத்த உணவைச் செலவழித்தே நீள்கிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிடும். வளர்ச்சிபோல் தோன்றுவதெல்லாம் வளர்ச்சியன்று என்பதை எந்த மறையுரையாலும் இத்துணைத் தெளிவாக உணர்த்திவிட முடியாது.

எனவே அறிவு வேண்டும். இரக்கம் மட்டும் போதாது. குழந்தைகள் இன்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் அந்த ஒரு வரியை அறிய மனித இனம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. பிரசெல்சு நகரில் பிறந்த வான் எல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணோ சில அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இச்செய்தி காணப்படுகிறது. முடிவு தவறு, உழைப்பு தவறன்று. மெழுகுதிரி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாத் தளிர் மீண்டும் நலமாக்குவதை 1771-இல் சோசப் பிரீசுட்லி கண்டார். பச்சை நிறப் பகுதிகளே அதைச் செய்கின்றன, அதுவும் ஒளியில் மட்டுமே செய்கின்றன என்று 1779-இல் இங்கன்அவுசு என்ற மருத்துவர் வெளியிட்டார். நீர், காற்று, ஒளி என்னும் மூன்று சொற்களுக்குப் பின்னே இத்தனை பேருடைய பொறுமை நிற்கிறது. இந்த அறிவைக் குழந்தையின் கண்முன் கொண்டுவர விரும்பிய ஆசிரியை போற்றுதற்குரியவரே.

குடுவைக்குள் ஒரு பறவை

ஆனால் எந்த விலை கொடுத்து? இவ்வினாவும் புதிதன்று. உயிர்களுக்குக் காற்று தேவை என்பதைக் காட்ட, கண்ணாடிக் குடுவைக்குள் பறவையை அடைத்துக் காற்றை வெளியேற்றும் சோதனைகளை இராபர்ட் பாயில் செய்து 1660-இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் அது அறிஞர் அவைகளைத் தாண்டி, வீடுகளில் குடும்பத்தாருக்கு நடத்திக் காட்டும் காட்சியாயிற்று. சோசப் ரைட் என்ற ஆங்கிலேய ஓவியர் 1768-இல் தீட்டிய ஓவியம் ஒன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. இரவு நேரம், மேசையைச் சுற்றி ஒரு குடும்பம். குடுவைக்குள் வெண்ணிறக் கொண்டைக்கிளி ஒன்று துவண்டு கிடக்கிறது. காற்றை மீண்டும் உள்ளே விடும் திருகின்மேல் ஆய்வாளரின் கை இருக்கிறது. அவர் அதைத் திறப்பாரா மாட்டாரா என்பதை ஓவியர் சொல்லவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறுமியர் இருவரில் ஒருத்தி அச்சத்துடன் அண்ணாந்து பார்க்கிறாள். மற்றவள் கைகளால் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

அந்த மாலைப்பொழுதில் அச்சிறுமியர் கற்றது என்ன? பறவைக்குக் காற்று தேவை என்பதைக் கற்றார்கள், ஐயமில்லை. அதனுடன் வேறொன்றையும் கற்றிருப்பார்கள். அறிந்துகொள்வதற்காக ஓர் உயிரைத் துடிக்க விடலாம் என்பதே அது. பாடநூலில் அச்சிடப்படாத அப்பாடம் சில வேளைகளில் அச்சிட்ட பாடத்தைவிட ஆழமாக உள்ளத்தில் பதிந்துவிடுகிறது.

அக்காலத்திலேயே மாற்று வழி கண்டவரும் உண்டு. ஊர் ஊராகச் சென்று அறிவியல் உரையாற்றிய சேம்சு பெர்கூசன், இச்சோதனை இரக்கமுள்ள எவருக்கும் பொறுக்க இயலாதது என்று கருதி, உயிருள்ள விலங்குக்குப் பதிலாக நுரையீரல்போல் சுருங்கி விரியும் ஒரு பையைக் குடுவைக்குள் வைத்துக் காட்டினார். உண்மை குறைந்துவிடவில்லை, உயிர் ஒன்று காப்பாற்றப்பட்டது. நம் நாட்டிலும் கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் நெடுங்காலம் வழங்கிய உயிரின அறுவையைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் பணித்தது. கற்பிப்பதற்குக் கொல்லுதல் இன்றியமையாததா என்று கேட்கும் பொறுமை ஒரு சமூகத்துக்கு வாய்த்தபோது, பெரும்பாலும் அது இன்றியமையாததன்று என்ற விடையே கிடைத்திருக்கிறது.

வெறும் செடிதானே?

"பறவை வேறு, மொச்சைச் செடி வேறு" என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். செடிக்கு நரம்பில்லை; நாம் உணரும் தாகத்தை அது உணர்கிறது என்று கூற இயலாது. புல்லும் மரமும் ஓரறிவுடையன என்று தொடங்கி, மனிதனை ஆறாம் அறிவில் நிறுத்தித் தொல்காப்பியம் உயிர்களை வரிசைப்படுத்துகிறது. வளரும் உயிர், உணரும் உயிர், எண்ணும் உயிர் என அரிசுடாட்டில் வகுத்ததைக் குருமடத்தில் நாம் படித்தோம். வரிசை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. நெருங்கி முளைத்த பயிரை உழவர் கலைத்துவிடுகிறார். நாமும் மொச்சையை உண்கிறோம். அச்சிறுவன் அன்று உண்ட சத்துணவிலும் பயறு இருந்திருக்கும். செடி எதுவும் சாகவே கூடாது என்று அவன் கூறவில்லை.

விலங்குகளிடம் கொடுமை காட்டுவோர் மனிதரிடமும் கொடுமை காட்டப் பழகிவிடுவர். ஆதலால் அது தீது என்று புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டில் கற்பித்தார். குருமடத்தில் நாம் கேட்டதும் பெரும்பாலும் இவ்வளவே. விலங்கின் துன்பம் மனிதனின் குணத்தைக் கெடுக்கும் என்பதே அங்கே கவலை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. விலங்குகள் கடவுளின் படைப்புகள்; அவை இருப்பதாலேயே அவரை மகிமைப்படுத்துகின்றன; அவற்றுக்குப் பரிவு காட்ட மனிதர் கடன்பட்டிருக்கின்றனர்; தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதோ கொல்வதோ மனித மாண்புக்கே முரணானது என்று அது கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல், ஒவ்வொரு படைப்புக்கும் மனிதனுக்குக் கிட்டும் பயனைக் கடந்த தனி மதிப்பு உண்டென்று வலியுறுத்தியது. ‘வெறும் செடிதானே’ என்று நாம் அன்று கூறிய சொல்லை இவ்வொளியில் மீண்டும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடைத்தவர் கடன்

சிறுவனின் சொல்லை மீண்டும் கேட்போம். செடிக்கு வலிக்கும் என்று அவன் வாதாடவில்லை. தரையில் நின்றிருந்தால் அது தானே தேடிக்கொள்ளும் என்றான். சிரட்டையில் வைத்தது நாம் என்றான். தேவை என்பது உயிரின் இயல்பு. அத்தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலையும் ஒவ்வோர் உயிரும் தன் அளவில் பெற்றிருக்கிறது. வேர் நீரைத் தேடுகிறது. தளிர் ஒளியைத் தேடுகிறது. பறவை இரை தேடிப் பறக்கிறது. தேடும் வழியை நாம் அடைத்துவிட்டால், அந்தக் கணமே அதன் தேவை நம் கடனாகிவிடுகிறது. காட்டு மரத்துக்கு யாரும் நீர் ஊற்றவில்லை என்பது குற்றமன்று. சிரட்டைச் செடிக்கு ஊற்றவில்லை என்பது குற்றம்.

திருநூலின் சட்டங்களை இந்தக் கண்ணோடு படித்தபோது நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்கிறது இணைச் சட்டம். நுகத்தில் பூட்டியவரே அதன் பசிக்குப் பொறுப்பாளி. ஏழாம் நாள் ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது என்கிறது விடுதலைப் பயணம். சுமையின்கீழ் விழுந்து கிடப்பது பகைவனின் கழுதையே ஆனாலும் தூக்கிவிட வேண்டும் என்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டு, அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும், எஞ்சியதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்றும் அதே நூல் கட்டளையிடுகிறது. வயலுக்கு வேலி இட்டவருக்கு வேலிக்கு வெளியே நிற்கும் உயிரிடமும் கடன் உண்டு என்பதே இதன் பொருள்.

நம் திருவிழாக்களில் நிகழும் ஒன்றை இங்கே கூறாமல் இருக்க இயலவில்லை. கொடியேற்றத்தன்றே பலூன் கடைக்கு அருகில் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். பச்சை, சிவப்பு, ஊதா நிறங்களில் அவை துள்ளுவதைக் கண்டு பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். அட்டைப்பெட்டியில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் ஒரு மூடியில் தண்ணீரும் வைக்கப்படுகின்றன. உணவு, நீர், காற்று, உறைவிடம் எல்லாம் இருக்கின்றன. பாடநூல் விடைக்கு முழு மதிப்பெண் உண்டு. இருந்தும் இரண்டொரு நாளில் குஞ்சு தலை சாய்த்துவிடுகிறது. பிறந்த முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். தாய்க்கோழியின் இறகுக்குள் அது இயல்பாகக் கிடைக்கிறது, அட்டைப்பெட்டியில் கிடைப்பதில்லை. எருசலேமை நோக்கி ஆண்டவர் வருந்தியபோது, குஞ்சுகளை இறக்கைக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியை உவமையாகக் கூறினார். கோழிக்குஞ்சுக்கு எது முதல் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 

குஞ்சு இறந்தபின் நிகழ்வது அதைவிட வருத்தத்துக்குரியது. "போனால் போகிறது, அடுத்த திருவிழாவில் வேறு வாங்கித் தருகிறேன்" என்று அழும் பிள்ளையைத் தேற்றுகிறோம். உயிர் என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்னும் பாடத்தை அன்று நம் பிள்ளைக்கு நாமே கற்பித்துவிடுகிறோம். அது சாக நேர்ந்தது ஏன், நாம் அறியாமல் போனது என்ன என்று உடன் அமர்ந்து பேசுவதே அந்தக் குஞ்சுக்கும் குழந்தைக்கும் நாம் செய்யும் நீதி.

இக்கடன் செடியோடும் குஞ்சோடும் முடிவதன்று. குளத்தை மேடாக்கி மனைகளாகப் பிரித்தபின், அதை நம்பி வாழ்ந்த கொக்கும் தவளையும் நாம் சிரட்டைக்குள் வைத்த உயிர்களே. பிள்ளைகள் தொலைவில் பணிபுரிய, பூட்டிய வீட்டில் மூன்று வேளை உணவும் மாத்திரையும் குறையாமல் பெற்று, பேச ஆளின்றி அமர்ந்திருக்கும் முதியவரை நற்கருணை கொண்டு செல்லும் நாள்களில் நாம் காண்கிறோம். உயிர் வாழத் தேவையானவை யாவும் அவருக்கு இருக்கின்றன. எனினும் அந்தப் பட்டியலில் விடுபட்டது எதுவென்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

மீட்டெடுத்துக் கற்பித்தல்

அப்படியானால் செடியின் தேவையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? அந்த ஆசிரியையே வழி கண்டார். நாம் மாற்றலாகும் முன்பு, அடுத்த கல்வியாண்டில், அதே பாடத்தை அவர் வேறு விதமாக நடத்தினார். இம்முறை சிரட்டைகளின் கண்களை முதலிலேயே திறந்தார். ஒரு செடிக்கு நீரை நிறுத்தினார். இலைகள் தொங்கத் தொடங்கிய அன்றே பிள்ளைகளை அழைத்து, அவர்கள் கையாலேயே நீர் வார்க்கச் செய்தார். எல்லை மீறி வாடிய செடி மீளாது. உரிய நேரத்தில் நீர் பெற்ற செடி சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். காலையில் துவண்ட இலை மாலை மணி அடிப்பதற்குள் நிமிர்ந்ததை முப்பது பிள்ளைகளும் கண்டார்கள். அலமாரியில் வெளிறிய செடியை வெளியே கொண்டுவந்து வைத்தார். இரண்டொரு நாளில் அதன் இலைகளில் பச்சை ஏறியது. நீரின் தேவையும் ஒளியின் தேவையும் ஐயத்துக்கு இடமின்றி விளங்கின. எச்செடியும் மடியவில்லை. இறுதியில் மூன்றையும் பள்ளி வேலியோரம் தரையில் நட்டார்கள்.

இச்சோதனையில் அறிவியல் எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. முந்தைய ஆண்டில் பிள்ளைகள் கைகட்டி நின்று ஒரு வாடலைப் பார்க்கப் பணிக்கப்பட்டார்கள். இவ்வாண்டிலோ அவர்கள் அறிந்ததும் செய்ததும் ஒன்றாயிருந்தன. ஓர் உயிருக்கு இது தேவை என்று அறிந்த கை, அதைக் கொடுக்காமல் மடங்கி நிற்கப் பழகுவது நல்ல கல்வியன்று. பிறர் பசியைப் புள்ளிவிவரமாக எழுதிக்கொண்டு கடந்து செல்லும் மனிதரை நாம் எங்கே உருவாக்குகிறோம் என்ற வினாவுக்கு, ஒருவேளை மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறோமோ என்ற அச்சம் நமக்கு உண்டு.

பெற்றோர்க்கும் மறைக்கல்வி ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையிடம் ஒரு செடியையோ ஓர் உயிரையோ ஒப்படைக்குமுன் அதற்கு என்ன தேவை என்பதை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். ஒப்படைத்தபின் உடன் இருங்கள். அறியாமையால் அது மடிந்தால் குழந்தையுடன் சேர்ந்து வருந்துங்கள். வேறொன்று வாங்கித் தர விரையாதீர்கள். குழந்தை விதியை மீறி ஓர் உயிருக்கு நீர் வார்த்தால், தண்டிக்குமுன் காரணத்தைக் கேளுங்கள்.

நாம் அன்று கேட்டோம், விடையையும் பெற்றோம், பெற்றபின்னும் தண்டித்தோம். மாற்றலாகிச் செல்லும் நாளில் அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். அவன் வீட்டில் இல்லை. தாய் மட்டும் இருந்தார். அன்று அவர் நம்மிடம் கேட்ட மன்னிப்பை நாம் அவரிடம் கேட்டோம். அவர் பதறி, "அய்யோ சாமி, சின்னப் பையன் செஞ்சதுக்கு நீங்க போய்…" என்றார். வாசலில் உடைந்த குடம் ஒன்றில் மொச்சைக் கொடி நின்றது. அது படர்வதற்குக் கூரையிலிருந்து ஒரு கயிறு கட்டியிருந்தது.